இடக்கை உடுப்பு

“நீயே போய் வாங்கிட்டு வந்துடு. நான் கேட்டா நல்லா இருக்காது.”

“நான் கேட்டா மட்டும் நல்லா இருக்குமா?”

“குடுத்தது நீ. குடுத்தவங்க கேட்டா அதுல ஒரு நியாயம் இருக்கு.”

“அந்த நியாயத்த நீங்களே வச்சுக்குங்கண்ணா.”

இந்த மாதிரிப் பேச்சுக்கு ஓட்டோ வழக்கமாகச் சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை. கையிலிருந்த ஒற்றை ரோலர் ஸ்கேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் ஜோடி இருக்கிறதா என்று பெட்டிக்குள் துழாவினார். இல்லை என்று தெரிந்ததும் சுவரோரமாக வைத்தார். அவர் எங்கள் ஊர் வாள்வீச்சு மன்றத்தின் பயிற்சியாளர். அவருக்கு எதிரே தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த நீச்சல் கண்ணாடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவள் பிரோஷ்கா. விளையாட்டு அரங்கின் கீழ்த்தளத்தில், கொதிகலன் அறையை ஒட்டிய அறையில், அந்த ஆண்டு வந்து சேர்ந்த பெட்டிகளுக்கு நடுவே இருவரும் இருந்தார்கள்.

குழந்தைகளுக்குச் சிறிதாகிப்போன விளையாட்டுச் சாமான்களைச் சேகரித்து, வாங்க முடியாத வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்ற யோசனை பிரோஷ்காவுடையது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். மகள் வளர்ந்து வாள்வீச்சை விட்டபோது, அவளுடைய உடுப்பை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கடை வாசலில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து அதில் போட்டாள். அடுத்த வாரம் பெட்டி நிரம்பியிருந்தது. மறு ஆண்டு ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும் பெட்டி வைத்தார்கள். செப்டம்பர் வந்தால் ஊரே அலமாரியைக் காலி செய்யும் வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. கடைசி ஆட்டத்தின் சேறு காயாத கால்பந்து பூட்ஸ்கள் வரும். ராஜா தொலைந்துபோன சதுரங்கப் பெட்டி வரும். யாரோ ஒருவருடைய அப்பா எடை தூக்கிப் பழகிய இரும்புக் குண்டுகள்கூட வந்தன. பிரோஷ்கா எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. துவைப்பாள், காய வைப்பாள், கிழிசலைத் தைப்பாள், எதற்கும் ஓர் ஆளைக் கண்டுபிடிப்பாள். மொட்டைத் தலைக்குக்கூடச் சீப்பு கொடுத்தனுப்புகிறவள் நீ என்று ஓட்டோ அவளைக் கேலி செய்வார்.

கொடுத்த பொருள் அந்தக் குழந்தைக்குச் சொந்தம். ஆனால் குழந்தை விளையாட வருவதை நிறுத்திவிட்டால் பொருள் பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த விதியும் பிரோஷ்கா போட்டதுதான். இப்போது ஓட்டோ அதைத்தான் அவளுக்கே நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சு பொரோக்காவைப் பற்றியது. பத்து வயதுப் பெண். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பெட்டிகளிலிருந்து உடுப்பு வாங்கிக்கொண்டு மன்றத்தில் சேர்ந்தவள். சேர்ந்த நாள்முதல் அவளுக்கு அங்கே ‘நம்ம இடக்கை’ என்றுதான் பெயர். இடது கையால் வாள் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். வலக்கைக்காரர்களோடு மோதியே பழகிய எதிராளிக்கு அவர்கள் முன்னால் நின்றாலே கணக்கு தப்பும். அதனால் இடக்கைக் குழந்தை ஒன்று கிடைத்தால் பயிற்சியாளர்கள் புதையல் கிடைத்தது போல மகிழ்வார்கள். அவர்களுக்கு உடுப்பும் தனி. ஒற்றைக் கையுறை இடது கைக்கு. வாளின் பிடி அந்தக் கை விரல்களுக்கு ஏற்ற வளைவோடு இருக்கும். கோட்டின் ஜிப் மறுபக்கம். மன்றத்தில் அப்படி ஒரே ஒரு உடுப்புதான் இருந்தது. அது பொரோக்காவிடம் இருந்தது.

இப்போது பார்னா என்று ஆறு வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். பிறவி இடக்கை. வந்த அன்றே கையில் கிடைத்த மரக்குச்சியை வைத்துக்கொண்டு பெரிய பையன்களைத் துரத்தியிருக்கிறான். பொரோக்காவோ சில வாரங்களாகப் பயிற்சிக்கே வரவில்லை. வந்துகொண்டிருந்தபோதும் பெரிதாக ஒன்றும் முன்னேறவில்லை.

“ரெண்டு வருஷமாப் பாக்கறேன்,” என்றார் ஓட்டோ. “கால் இருக்கு. கண்ணு இருக்கு. கை மட்டும் வேற எங்கயோ ஊர்ல இருக்கு. நானும் எத்தனையோ இடக்கைய வளர்த்திருக்கேன், இந்த மாதிரி ஒண்ணப் பாத்ததே இல்ல.”

அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம் என்றாள் பிரோஷ்கா. போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்றார் அவர். போய்ப் பார்க்கிறேன், ஆனால் உடுப்பை வாங்கி வருவேன் என்று நினைக்காதீர்கள், அவளைத்தான் கூட்டி வருவேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். கையிலிருந்த நீச்சல் கண்ணாடிகள் இன்னும் பிரிந்தபாடில்லை.

பொரோக்காவின் வீடு ஊருக்குத் தெற்கே, மிளகாயும் வெள்ளரிக்காயும் புட்டியில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தது. அக்டோபர் மாதத்தில் அந்தத் தெருவே வினிகர் வாசனை அடிக்கும். பொரோக்காவின் அம்மா எமெஷெக்கு அங்கேதான் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பிரோஷ்கா போனபோது அவள் வீட்டில் இருந்தாள். பலாச்சின்டா வார்த்துக்கொண்டிருந்தாள். தோசையைவிட மெல்லிசாக ஊற்றி, ஆப்ரிகாட் ஜாம் தடவிச் சுருட்டி, வந்தவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மூன்றைத் தட்டில் அடுக்கினாள். மேல்மாடிக் கிழவரின் நாயை வெளியே கூட்டிப்போயிருக்கிறாள் பெண், வந்துவிடுவாள், உட்காருங்கள் என்றாள்.

பொரோக்கா பயிற்சிக்கு வரவில்லை என்பது எமெஷெக்குத் தெரிந்துதான் இருந்தது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, நான்தான் கொஞ்ச நாள் சும்மா இரு என்றேன் என்றாள். அதைச் சொல்லும்போது குறை சொல்வதாகப் பட்டுவிடக் கூடாதே என்ற தயக்கம் அவள் குரலில் இருந்தது. இலவசமாகக் கொடுத்தவர்களிடம் எப்படிக் குறை சொல்வது என்பது போல.

பிரோஷ்காவுக்கு அந்தத் தயக்கம் பழக்கமானது. பெட்டிச் சாமான் வாங்கும் எல்லா அம்மாக்களிடமும் அது இருக்கும். அதைப் போக்குவதற்காகவே அவள் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பாள், கொஞ்சம் அதிகமாகப் பேசுவாள். அன்றும் அப்படித்தான், என் மகளுக்கும் மணிக்கட்டு வீங்கும், குளிர்ந்த தயிர் தடவினால் சரியாகிவிடும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது எமெஷெக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

வீட்டில் இப்போது எதற்கெடுத்தாலும் இடது கைதானாம். பல் விளக்குவது இடது கை, சூப் குடிப்பது இடது கை. பாத்திரம் கழுவுகிறேன் என்று நல்ல தட்டுகளை உடைத்தாகிவிட்டது. பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பெண், இப்போது கோழி கிளறினது போல எழுதுகிறாள் என்றாளாம்.

பிரோஷ்கா சிரித்தாள். “இடக்கைப் பிள்ளைங்க எழுத்து கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்.”

எமெஷெ கரண்டியோடு திரும்பினாள். “யாரு இடக்கை?”

“பொரோக்காதான்.”

“இல்லக்கா. அவ பொறந்ததுலேர்ந்து வலது கைதான். உங்க விளையாட்டுக்காகத்தானே இந்தப் பாடு படறா.”

“எங்க விளையாட்டுக்காகவா?”

“வாள இடது கையிலதானே பிடிக்கணும்? அதான் முறையாமே. அவதான் சொன்னா.”

எமெஷெ ஒருநாளும் பயிற்சியைப் பார்க்க வந்ததில்லை. அவளுடைய வேலை நேரத்துக்கு அது ஒத்துவராது. வாள்வீச்சைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மகள் சொன்னதுதான். பிரோஷ்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜாம் ஓரமாக வழிந்து அவள் பாவாடையில் சொட்டியது. எமெஷெ துணி எடுத்து வந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே, முதல் நாள் உடுப்பு வாங்க அனுப்பும்போது நல்லபடியாகச் சொல்லித்தான் அனுப்பினேன் என்றாள். “கொடுக்கறத வாங்கிக்கோ, இது வேணாம் அது வேணும்னு நிக்காத, வாங்கிட்டு நன்றி சொல்லுன்னு. சொன்னாளாக்கா, நன்றி?”

சொன்னாள் என்றாள் பிரோஷ்கா. அது உண்மைதான். நாயை உலாத்தப் போன பெண் திரும்பி வருவதற்குள், கடையைத் திறக்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண்ணாடிக் கடை திறக்கும் என்று எமெஷெ கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் டிசா ஆற்றின் கரைமேட்டில் ஏறி நடந்தாள். கோடைக்குப் பிறகு ஆறு ஒடுங்கி, மணல் திட்டுகளில் தண்ணீர்ப் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நாள் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. மறக்க வேண்டிய காரணம் எதுவும் இதுவரை இருந்ததில்லை. அவளுடைய சந்தோஷமான நாட்களில் அது ஒன்று.

உடுப்பு கொடுப்பதை அந்த ஆண்டு அரங்கின் மேல் தளத்தில் வைத்திருந்தார்கள். பெற்றோர்கள், உள்ளூர்ச் செய்தித்தாளின் புகைப்படக்காரர், மேசைமேல் பிஸ்கட். பொரோக்கா வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுடைய முறை வந்தபோது மேசையில் ஒரே ஒரு உடுப்புதான் மிச்சம் இருந்தது. ஆனால் அது இருந்தவற்றிலேயே நல்லது. வியன்னாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பல் மருத்துவரின் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மகன் ஒரு மாதம்கூட அதைப் போட்டிருக்க மாட்டான். பால் போல வெள்ளை. கடைசியில் நிற்கும் குழந்தைக்குக் கிழிந்தது போய்ச் சேராமல் புதிது போய்ச் சேருகிறதே என்று பிரோஷ்காவுக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. கோட்டைப் போட்டுவிட்டாள். தைத்துக் கொடுத்தது போலத் தோள் பொருந்தியது. கையுறையை எடுத்தாள், அது எந்தக் கைக்கானதோ அந்தக் கையைத் தானே பிடித்து மாட்டிவிட்டாள். தூரத்திலிருந்து ஓட்டோ சத்தமாகக் கேட்டார், அந்தப் பொண்ணு இடக்கையா என்று.

ஆமா, என்று சொன்னவள் பிரோஷ்கா.

யோசித்துச் சொன்னதில்லை. கையுறை அந்தக் கையில் இருந்தது, அதனால் ஆமா. ஓட்டோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்தச் சின்னக் கையைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். கைதட்டினார்கள். தொடக்க வகுப்பில் இடமில்லை, காத்திருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், இவளை நாளைக்கே வரச் சொன்னார். எட்டு வயதுப் பொரோக்கா தூக்கிப் பிடிக்கப்பட்ட தன் கையை, அது இன்னொருவர் கொண்டுவந்த பரிசு போல அண்ணாந்து பார்த்தாள். பிறகு நன்றி என்றாள்.

புகைப்படக்காரர் அப்போது எடுத்த படம் இன்னும் கண்ணாடிக் கடைச் சுவரில் இருந்தது. அதற்கு நேர் கீழேதான் பிரோஷ்கா தினமும் உட்கார்ந்து வேலை செய்தாள். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்பாள். சிலர் சலித்துக்கொள்வார்கள், அப்போதும் கேட்பாள். கேட்காமல் அவள் யாருக்கும் ஒரு கண்ணாடியும் மாட்டிவிட்டதில்லை.

அதன்பிறகும் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. வாள்வீச்சில் ஆட்டம் முடிந்ததும் இருவரும் வாள் பிடிக்காத கையால் கைகுலுக்க வேண்டும். பொரோக்கா தோற்றுவிட்டு முகமூடியைக் கழற்றி, வெறும் வலது கையை நீட்டும்போது, அந்த ஒரு அசைவு மட்டும் அழகாக இருக்கும். தயக்கமில்லாமல் நேராகப் போய் எதிராளியின் கையைப் பிடிக்கும். கைகுலுக்குவதற்குப் புள்ளி கொடுத்தால் நம்ம இடக்கைதான் சாம்பியன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிரோஷ்காவும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

கரைமேட்டின் கடைசி வரை நடந்துவிட்டுத் திரும்பும்போது, அவளுக்கு இதைச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றத் தொடங்கியது. அது அவள் சுபாவம். கிழிந்தது என்றால் ஊசி நூல் எடுப்பாள். பெட்டிகளில் இந்த ஆண்டு வலக்கை உடுப்புகள் நிறையவே வந்திருந்தன. பொரோக்காவின் அளவுக்கு ஒன்று நிச்சயம் இருக்கும். ஓட்டோவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும். அவர் ஆச்சரியப்படுவார், தலையில் அடித்துக்கொள்வார், பிறகு அந்தப் பெண்ணை அவளுடைய சொந்தக் கையோடு முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த அந்தக் கை கடைசியில் கிடைத்துவிடும்.

மறுநாள் மாலை அரங்குக்குப் போனாள். சின்னப் பிள்ளைகள் சுவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், தான் ஆமா என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் வெகுநேரம் ஓடுகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்று என்று அவர் சொல்லாததால் பிள்ளைகள் தாங்களாகவே நின்று, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

“நான் பாத்திருக்கணும்,” என்றார் கடைசியில். “நீ கண்ணாடி விக்கறவ. உன்ன யாரு கேக்கப் போறாங்க. நான் பாத்திருக்கணும்.”

பிரோஷ்கா தன் திட்டத்தைச் சொன்னாள். வலக்கை உடுப்பு இருக்கிறது, நேற்றே எடுத்து வைத்துவிட்டேன், வியாழக்கிழமையிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்றாள். ஓட்டோ தலையை ஆட்டினார். ஆமோதிக்கும் ஆட்டமில்லை அது.

கை மட்டும் மாறுவதில்லை என்று அவர் விளக்கினார். இடக்கைக்காரர் இடது காலை முன்னால் வைத்து நிற்பார். முன்னேறுவது, பின்வாங்குவது, விலகுவது எல்லாமே தலைகீழ். இரண்டு வருஷம் உடம்பில் ஏற்றியதை முதலில் மறக்க வைக்க வேண்டும். அதற்கு அவள் ஆறு வயதுப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நிற்க வேண்டும்.

“பத்து வயசுப் பிள்ள அங்க நிக்காது பிரோஷ்கா. ஒரு வாரம் நிக்கும். கூடப் படிக்கறவங்க பாத்துச் சிரிப்பாங்க. அப்புறம் வராது. நான் பாத்திருக்கேன்.”

“இவ நிப்பா.”

“நின்னாலும் அங்க இடம் எங்க இருக்கு? அன்னிக்கு இடக்கைன்னுதான் வரிசையத் தாண்டி அவள உள்ள எடுத்தேன். இன்னிக்கும் வெளியில பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு. அவங்க அம்மாங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்? அன்னிக்குத் தப்பா எடுத்தேன், அதனால இன்னிக்கும் எடுக்கறேன்னா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பிரோஷ்கா சண்டை போட்டிருப்பாள். நேற்றுவரை அவருக்குப் பொரோக்கா கொஞ்சம் மந்தமான, ஆனால் கைவிட மனசு வராத இடக்கை. அப்படியே இன்னும் சில ஆண்டுகள் அவளை இழுத்துக்கொண்டு போயிருப்பார். உடுப்பை வாங்கி வா என்று அவர் சொன்னதுகூட அவள் வராமல் இருந்ததால்தான். வந்து நின்றிருந்தால் பார்னாவுக்கு வேறு எங்காவது தேடியிருப்பார். பிரோஷ்கா இப்போது அவரிடமிருந்து அந்த இடக்கையை எடுத்துக்கொண்டாள், பதிலுக்குக் கொடுத்தது ஒன்றுமறியாத ஒரு வலக்கைப் பெண்ணை. அப்படிப்பட்டவர்கள் அவருக்கு ஊர் நிறைய இருந்தார்கள்.

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் அந்தப் பெஞ்சிலேயே எடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பொறுத்திருந்தால், முதலில் அந்தப் பெண்ணிடம் பேசியிருந்தால். இந்த முறையும் அவள் பொரோக்காவைக் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்குள் உடுப்பைக் கொண்டு வந்துவிடு, மெதுவாகச் சொல், அழ வைக்காதே என்றார் ஓட்டோ. பிறகு எழுந்து விசிலை ஊதினார். பிள்ளைகள் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். அவர்களில் பார்னா மட்டும் எல்லோருக்கும் எதிர்த்திசையில் ஓடினான்.

மறுநாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு பிரோஷ்கா போனாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் வலக்கை உடுப்பு. எதற்காக அதை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. இடக்கை உடுப்பை வாங்கிக்கொண்டு வெறுங்கையாக விட்டுவிட்டு வர முடியாது என்பது மட்டும் தெரிந்தது. வழியில் ரொட்டிக் கடையில் பாப்பி விதை வைத்த பன் இரண்டு வாங்கினாள்.

எமெஷெக்கு அந்த வாரம் பகல் வேலை. கதவைத் திறந்தவள் பொரோக்கா. பிரோஷ்கா நினைத்ததைவிட உயரமாக இருந்தாள், அல்லது சில வாரம் பார்க்காததால் அப்படித் தோன்றியது. இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அவளைப் பார்த்ததும் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். அதுதான் பிரோஷ்காவுக்குத் தாங்கவில்லை. உள்ளே கூட்டிப்போய், தன் அம்மாவைப் போலவே நாற்காலியைத் துணியால் துடைத்து உட்கார வைத்தாள்.

சமையல் மேசைமேல் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் உலர்ந்த பட்டாணி பாதிக்கு மேல் இருந்தது, மற்றதில் கொஞ்சம். இடையில் ஒரு கரண்டி. தரையில் சில பட்டாணிகள் உருண்டு கிடந்தன. பொரோக்கா அவற்றைக் குனிந்து பொறுக்கினாள், இடது கையால்.

பிரோஷ்கா பேச்சை எங்கிருந்தோ தொடங்கினாள். கை எப்படி இருக்கிறது, பள்ளி எப்படிப் போகிறது, பன் சாப்பிடு. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதன் முதல் சொல்லை அவள் தேடிக்கொண்டிருக்கையில் பொரோக்கா முந்திக்கொண்டாள். ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் அத்தை வந்திருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்கான பதிலை அவளும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள் போல.

கை வலித்தது உண்மைதான் என்றாள். ஆனால் அதற்காக வராமல் இருக்கவில்லை. வலிக்கும்போது வலது கை தானாகவே முன்னால் வந்துவிடுகிறது. ஒருநாள் தண்ணீர்ப் புட்டி கீழே விழப்போனபோது அது பாய்ந்து பிடித்துவிட்டது, ஓட்டோ மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் வலது கை மறக்கிறவரைக்கும் வீட்டிலேயே பழகலாம் என்று இருந்துவிட்டாள். இப்போது முன்பைவிட நன்றாக வருகிறது. ஷூ கயிற்றை இடது கையால் கட்டுகிறாள், கத்தரிக்கோல்கூடப் பிடிக்கிறாள். பட்டாணி மட்டும்தான் இன்னும் சிந்துகிறது.

இதையெல்லாம் பெருமையாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே போய் வெள்ளைக் கோட்டை எடுத்து வந்தாள். இரண்டு வருஷம் போட்டது, ஆனால் ஒரு கறை இல்லை. கோட்டின் கைகள் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் குட்டையாகியிருந்தன. நேற்று நானே துவைத்து இஸ்திரி போட்டேன் என்றாள். அதை மேசைமேல், பட்டாணிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் கவனமாக விரித்து வைத்தாள். பிரோஷ்காவின் மடியிலிருந்த துணிப்பையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பிரோஷ்கா அதன் வாயை இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பொரோக்கா,” என்றாள்.

“தெரியும் அத்தை. அம்மா சொல்லிட்டாங்க, உங்ககிட்ட வாய் தவறி எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம்.” அவள் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. “ஸ்கூல்ல எனக்குப் பேரே கிடையாது. அங்க வந்தாதான் நம்ம இடக்கைன்னு கூப்பிடறாங்க.”

தொழிற்சாலையின் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் படிக்கட்டில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்கும், எமெஷெயும் வந்துவிடுவாள். பொரோக்கா மேசையைச் சுற்றி வந்து பிரோஷ்காவுக்கு மிக அருகில் நின்றாள்.

“வர்ற வியாழக்கிழமையிலேர்ந்து ஒருநாள்கூட விடாம வந்துடறேன். கை வலிச்சாலும் வந்துடறேன். ஓட்டோ மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை.”